கட்டுப் போட்ட காலும் கறுப்புக் கோட்டும்

வாடா தம்பி, அந்தக் கட்டைய இப்படிச் சாத்திட்டு திண்ணையில உக்காரு. முட்டியிலேர்ந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு, பாவம்தான். ஆனா கோச்சிக்காம கேளு: கால் உடைஞ்சப்புறம்தான் உன் மூஞ்சில ஒரு பெரிய மனுசன் களை வந்திருக்குது. போன மாசம் வரைக்கும் இந்த ஒரகடத்துல உன்ன எவனுக்குத் தெரியும்? காண்ட்ராக்டர் டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்புடுவான். கேன்டீன்ல விரல் வெச்சி மெஷின் ஒத்துக்கினாத்தான் சோறு. வாடகை வாங்கணுமேன்னு நான் ஒருத்தன்தான் உன் பேர ஞாபகம் வெச்சிருந்தேன். இப்ப பாரு, லைன் வீட்டு வாசல்ல வந்து 'தம்பி எந்த ரூமுங்க?'ன்னு மரியாதையா விசாரிக்கறாங்க. ஷர்ட்டு பாக்கெட்டுலேர்ந்து விசிட்டிங் கார்டு எடுத்து நீட்டறாங்க. 

உன்ன இடிச்சது வெள்ளைக் காரு. வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டுல, செகண்ட் ஷிப்டு முடிஞ்சி பைக்ல வர்றப்ப. மொதல்ல நூத்தியெட்டு வந்துது. அப்புறம் போலீசு. செய்யாறுலேர்ந்து உங்கம்மா பஸ் ஏறி வர்றதுக்குள்ள, ஆரஞ்சுப் பையோட இன்னொருத்தன் வார்டுக்கே வந்துட்டான். 'நான் வக்கீல் ஆபீசுலேர்ந்து வர்றேன், கவலப்படாதீங்க, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்'னான். பெத்தவளுக்கு முன்னாடி வந்து நிக்கற அந்தப் பாசம் எவனுக்கு வரும் சொல்லு! உன்கிட்ட அவன் கேட்ட மொத கேள்வி ஞாபகம் இருக்குதா? 'வலிக்குதா?'ன்னு கேக்கல. 'இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?'ன்னு கேட்டான். 

அவனுக்கு யாரு தகவல் சொன்னான்னு என்னைக் கேக்காத. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல டீ குடிக்கணும் இல்ல.

ஆளு ஏன் இவ்ளோ சுறுசுறுப்புன்னா தொழில் அப்படி. 2022ஆம் வருசம் மட்டும் நம்ம தமிழ்நாட்டுல 64,105 சாலை விபத்து. எண்ணிக்கையில இந்தியாவுலயே நாமதான் முதல். செத்தவங்க 17,884 பேரு. அடிபட்டு எழுந்து ஒக்காந்தவங்க அதுக்கும் மேல எத்தினியோ பேரு. கார் செய்யறதும் இங்கதான், காருல அடிபடறதும் இங்கதான். இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும் ராவும் பகலும் டிரெய்லரும் கம்பெனி பஸ்ஸும் ஓடுது. நடுவுல தூங்கி வழிஞ்சிக்கினு நீங்க பைக்ல வர்றீங்க. இந்த ரோட்டை நம்பிப் பொழைக்கறவன் மெக்கானிக் மட்டும்னு நெனைக்காத.

அந்த ஆரஞ்சுக்காரனுக்குச் சட்டத்துல ஒரு பேரு இருக்குது, தரகர்னு. வெள்ளைக்காரன் 1879லயே இவங்களைப் பிடிக்கணும்னு சட்டம் போட்டான். அதைத் தூக்கிட்டு 2023ல வக்கீல் சட்டத்துலயே ஒரு பிரிவு சேத்தாங்க, 2024 செப்டம்பர் கடைசியில அமலுக்கு வந்துது. கோர்ட்டு தரகருங்க பேரை எழுதிப் பட்டியல் ஒட்டலாம். பட்டியல்ல பேரு வந்தப்புறமும் தொழில் பண்ணா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஐந்நூறு ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஐந்நூறு ரூபா தம்பி! உனக்கு அவன் வாங்கியாந்த பழத்துக்கே அதுல பாதி போயிருக்கும். பயந்து நடுங்குவான் பாரு.

வக்கீலுங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பார் கவுன்சில் விதியில முப்பத்தாறாவது விதி, விளம்பரம் பண்ணக் கூடாது, ஆள் விட்டு கேஸ் பிடிக்கக் கூடாது, பேர்ப் பலகை கூட அளவோடதான் இருக்கணும்னு சொல்லுது. 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் இதையே அழுத்திச் சொல்லிச்சி. ஆன்லைன்ல வக்கீலை வரிசைப்படுத்தி, நட்சத்திரம் போட்டு, ரேட்டு எழுதி விக்கற கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுன்னு பார் கவுன்சிலுக்கே உத்தரவு போட்டாங்க. அமெரிக்காவுல வேற கதை. 1977லயே அவங்க உச்ச நீதிமன்றம் வக்கீலு விளம்பரம் பண்ணலாம்னு சொல்லிட்டுது. அங்க ஹைவே ஓரமா, நம்ம ஊர்ல தலைவரு பொறந்தநாளுக்கு வெக்கற சைஸுல வக்கீலு மூஞ்சிய வெச்சி, 'அடிபட்டியா? கூப்புடு'ன்னு போர்டு நிக்கும். இங்க அது ஆகாது. அதனால கணக்கு ரொம்ப சுலபமாயிடுது பாரு. விதியை மதிக்கற வக்கீலு உன்னத் தேடி வர மாட்டாரு. தேடி வந்தவரு விதியை எங்கயோ கழட்டி வெச்சிட்டு வந்திருக்காரு. உன் கேஸை மட்டும் விதிப்படி நடத்துவாருன்னு நீ நம்பலாம், தாராளமா நம்பு, நானா தடுக்கறேன்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கறியா. சிப்காட்டுக்கு எங்க நிலத்தை எடுத்தாங்க இல்ல, கேவுரும் வேர்க்கடலையும் போட்ட நெலம். இழப்பீடு பத்தலன்னு கேஸு போட்டு, கோர்ட்டு வராண்டாவுல ஒக்காந்தே என் தலை நரைச்சிது. வாய்தா வாங்கறதுல எத்தினி வகை இருக்குது, எந்த வக்கீலு கட்டைத் தூக்கிக்கினு சொம்மா நடப்பாரு, எவுரு பிரிச்சிப் படிப்பாரு, குமாஸ்தா சிரிச்சா இன்னா அர்த்தம், எல்லாம் அங்க படிச்சதுதான். உங்க ஐ.டி.ஐ. படிப்பை விட அது பெரிய படிப்பு, சர்ட்டிபிகேட்டுதான் குடுக்கல.

சரி, ஆரஞ்சுக்காரன் இன்னா சொன்னான்? 'துட்டு இப்ப ஒண்ணும் வேணாம், வந்தப்புறம் நூத்துக்கு இருவத்தஞ்சு குடு'ன்னான். கேக்கறதுக்கு எவ்ளோ இனிப்பா இருக்குது. கையில சல்லிக் காசு இல்லாதவன் காதுல இதை விட நல்ல சேதி விழாது. ஆனா நம்ம நாட்டுல வக்கீலு அப்படிப் பங்கு பேசவே கூடாது. கேஸ் ஜெயிச்சா இவ்ளோ, வர்ற துட்டுல இவ்ளோன்னு பேசறதை பார் கவுன்சில் விதி இருபது தடுக்குது. தெலங்கானாவுல ஒரு அம்மா. 1998ல விபத்துல புருசன் போயிட்டாரு. இழப்பீடு வந்துது. வக்கீலு பத்து லட்சம் வாங்கிக்கினாரு. பத்தலன்னு இன்னும் மூணு லட்சத்துக்குச் செக்குல கையெழுத்து வாங்கினாரு. அம்மா கணக்குல துட்டு இல்ல, செக்கு திரும்பிடுச்சி. உடனே செக் மோசடின்னு அந்த அம்மா மேலயே கேஸு! தாலியறுத்தவ தன் வக்கீலுக்கே குற்றவாளி ஆயிட்டா. கேஸு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 2017 டிசம்பர்ல தீர்ப்பு வந்துது. தீர்ப்புத் தொகையில பர்சென்ட் போட்டு ஃபீஸு கேக்கறது செல்லாது, பொது நலத்துக்கே விரோதம்னு சொல்லி அந்தச் செக்கு கேஸை ரத்து பண்ணாங்க. தீர்ப்பு வந்து எத்தினி வருசம் ஆச்சி! ஆரஞ்சுக்காரன் காதுக்கு இன்னும் போய்ச் சேரல போல.

அதுக்காக வக்கீலு ஓசியில வேலை செய்யணும்னு சொல்லல. அவரும் குடும்பஸ்தர். மொத்தம் இவ்ளோ ஃபீஸு, செலவு தனியா இவ்ளோ, எப்பப்ப குடுக்கணும்னு பேசி ஒரு தாள்ல எழுதி வாங்கு. எழுதித் தரச் சொன்னா மூஞ்சி சுளிக்கறவரு கிட்ட 'தண்ணி குடிச்சிட்டு வர்றேன்'னு சொல்லிட்டு எழுந்துடு. நீ திரும்பி வர மாட்டன்னு அவருக்கும் தெரியும்.

இன்னொண்ணு பாத்தியா, நம்ம ஒரகடத்துல கவர்ன்மென்டு ஒரு பெரிய எடம் கட்டி வெச்சிருக்குது. குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்னு பேரு. அங்க காரை வேணும்னே மோத வுட்டுப் பாக்கறாங்க. உள்ள ஒரு பொம்மை ஒக்காந்திருக்கும். பொம்மைக்குத் தலையில, நெஞ்சுல, முட்டியில எல்லாம் கருவி. 2023லேர்ந்து புதுக் காருக்கு நட்சத்திரம் குடுக்கறாங்களே பாரத் என்கேப்னு, அதுல 64 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் மோதுனா பொம்மைக்கு எந்த எலும்புல எவ்ளோ அடின்னு எழுதி வெக்கறாங்க. அதே ஊர்ல உன்ன ஒரு காரு மோதுச்சி. உனக்கு எவ்ளோ அடி, எந்தப் பக்கம், எந்த வேகம்னு யாரு எழுதி வெச்சா? பொம்மைக்கு இருக்கற மரியாதை உனக்கு வேணும்னா, தாளுங்களை நீயேதான் சேக்கணும்.

அதுல மொதத் தாளு ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரியில உன்ன ஸ்ட்ரெச்சர்லேர்ந்து எறக்குன உடனே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல டாக்டர் ஒரு வரி எழுதுவாரு, எப்படி அடிபட்டான்னு. அந்த ஒரு வரியிலதான் லட்சங்க தொங்கிக்கினு இருக்கும். பின்பக்க ரூமுல முன்ன ஒரு பையன் இருந்தான். அவனைக் கூட்டிக்கினு போன சிநேகிதன், போலீசு கேஸு ஆயிட்டா நைட்டெல்லாம் ஸ்டேஷன்ல நிக்கணுமேன்னு பயந்துக்கினு, 'வண்டி ஸ்லிப்பாயி விழுந்துட்டான் சார்'னுட்டான். டாக்டர் அதையே எழுதிட்டாரு. மறுநாள் போலீசு எஃப்.ஐ.ஆர்.ல 'கார் மோதி'ன்னு இருக்குது. கேஸு நடக்கறப்ப இன்சூரன்ஸ் வக்கீலு அந்த ஏ.ஆர். வரியை மட்டும் கண்ணாடியைத் தொடைச்சிக்கினு நிறுத்தி நிறுத்திப் படிச்சாரு. 'தானாக வழுக்கி விழுந்ததாக.' படிச்சிட்டு ஒக்காந்துட்டாரு. வேற கேள்வியே கேக்கல. பையன் தரப்புக்கு எச்சி முழுங்கறதைத் தவிர வேற வழி இல்லாம போச்சி. நீ நாளைக்கே உங்கம்மாவை அனுப்பி உன் ஏ.ஆர். காப்பியில இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு. தப்பா இருந்தா, யாரு சொன்னது, ஏன் சொன்னதுன்னு வக்கீலுகிட்ட மொத நாளே சொல்லிடு. மூணு வருசம் கழிச்சி கூண்டுல நின்னு சொல்லாத.

மிச்சத் தாளுங்க: எஃப்.ஐ.ஆர்., வூண்ட் சர்ட்டிபிகேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில்லு, வண்டிய மோட்டார் வாகன ஆய்வாளர் பாத்த ரிப்போர்ட்டு. வாட்சப்புல போட்டோ இருக்குதுன்னு சொல்லாத. எக்ஸ்ரே ஃபிலிம் ஃபிலிமாவே இருக்கட்டும், அதை எடுத்து பாத்ரூம் சன்னலுக்கு மறைப்பா ஒட்டிடாத. உங்க ரூமுல நடக்கறது எனக்குத் தெரியும்.

போலீசு பக்கம் ஒரு வேலை இருக்குது, ஆரஞ்சுக்காரன் அதைப் பத்தி மூச்சு வுட மாட்டான். 2022 ஏப்ரல்லேர்ந்து விதி மாறிப்போச்சி. விபத்து தெரிஞ்ச நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள விசாரணை அதிகாரி எஃப்.ஏ.ஆர்.ங்கற முதல் விபத்து அறிக்கைய இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். பத்து நாளைக்குள்ள, பாதிக்கப்பட்டவன் உரிமை இன்னான்னு எழுதின படிவத்தை உன் கையில குடுக்கணும். தொண்ணூறு நாளைக்குள்ள டி.ஏ.ஆர்.ங்கற விரிவான அறிக்கை போகணும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் உன் இழப்பீட்டு மனுவா எடுத்துக்கலாம்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், இதெல்லாம் ஒழுங்கா நடக்கணும்னு எல்லா மாநில போலீசுக்கும் சேத்தே சொல்லிச்சி. உனக்கு அந்தப் படிவம் வந்துதா? 'அது இன்னா படிவம்?'ன்னு நீ முழிக்கற முழியிலயே தெரியுது. ஸ்டேஷனுக்குப் போயி சண்டை போடாத, உன் காலு இருக்கற நெலமைக்கு அது அழகில்ல. 'சார், எஃப்.ஏ.ஆர். போயிடுச்சிங்களா, டி.ஏ.ஆர். எப்பங்க?'ன்னு மரியாதையா கேளு. இந்த எழுத்துங்களைச் சொன்ன உடனே ரைட்டர் உன்ன நாற்காலியில ஒக்கார வெப்பாரு. படிச்ச பையன் போலன்னு பயம்தான்.

ஆறு மாசக் கெடு ஒண்ணு இருக்குது. விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல எழுதிட்டாங்க. அது செல்லுமான்னு உச்ச நீதிமன்றத்துல கேஸு இருக்குது. காலம் கடந்துடுச்சின்னு எந்த மனுவையும் தள்ளாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் போட்டிருக்காங்க. அவங்க போட்டாங்கன்னு நீ போர்வைய இழுத்துப் போத்திக்காத. ஆறு மாசத்துக்குள்ளயே போட்டுடு.

இப்ப வக்கீலைப் பிடிக்கற வித்தைக்கு வர்றேன். ஒரு நாளு காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போயி ஒக்காரு. ஸ்ரீபெரும்புதூர்லயும் கோர்ட்டு இருக்குது, அங்கயும் எட்டிப் பாரு. யாருகிட்டயும் எதுவும் கேக்காத. எம்.சி.ஓ.பி.ங்கற விபத்து இழப்பீட்டு கேஸு எந்த ஹால்ல நடக்குதோ அங்க பின் பெஞ்சில குந்து. மாடு வாங்கறவன் சந்தையில தரகன் வாயைப் பாக்க மாட்டான், மாட்டு வாயைத்தான் பாப்பான். நீயும் குறுக்கு விசாரணையில யாரு வாயைத் திறக்கறாங்க, யாரு ஜூனியரை வுட்டு 'டைம் வேணும்'னு கேக்கறாங்கன்னு பாரு. மத்தியானம் வரைக்கும் ஒக்காந்தா போதும், நாலு பேரு தேறுவாங்க. அதுல ரெண்டு பேரு ஃபீஸு உனக்குக் கட்டாது. மிச்சம் ரெண்டு பேரு கிட்ட பேசு. அவுரு எண்ரோல்மென்ட் நம்பரைக் கேட்டு எழுதிக்க, கேக்கறதுல தப்பில்ல. உண்மையான வக்கீலு கோச்சிக்க மாட்டாரு.

நல்ல வக்கீலுன்னு எப்படித் தெரிஞ்சிக்கறது? அவுரு உன்கிட்ட கேக்கற கேள்வியிலதான். அங்க வராண்டாவுல ஒரு வக்கீலம்மா, உன்ன மாதிரியே ஒரு கம்பெனிப் பையனை வெச்சிப் பேசிக்கினு இருந்தாங்க. இடிச்ச வண்டியப் பத்திப் பேச்சே இல்ல. 'லைன்ல எந்த ஸ்டேஷன்ல வேலை? நின்னுக்கினா, ஒக்காந்துக்கினா? ஒரு ஷிப்டுக்கு எத்தினி மணி நேரம் நிப்ப? டார்க் கன் எந்தக் கையில பிடிப்ப? கீழ குனிஞ்சி போல்ட்டு போடணுமா?' பையன் எழுந்து, கட்டைய சுவத்துல சாச்சிட்டு, எப்படிக் குனிவான்னு காட்டப் போனான். முட்டி பாதிதான் மடங்குச்சி. அந்தம்மா அவனை ஒக்காரச் சொல்லிட்டு, நோட்டுல ரெண்டு வரி எழுதிக்கினாங்க. அந்த ரெண்டு வரிக்கு இருக்கற வெல ஆரஞ்சுக்காரன் மொத்த பேச்சுக்கும் இல்ல.

ஏன்னு கேளு. 2010ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல தெளிவா சொல்லியிருக்குது: டாக்டர் குடுக்கற ஊனப் பர்சென்ட் வேற, சம்பாதிக்கற சக்தி போன பர்சென்ட் வேற. எடது கை போன தச்சனும் எடது கை போன கிளார்க்கும் ஒண்ணில்ல. தச்சனுக்குத் தொழிலே போச்சி, கிளார்க்கு மறுநாளும் ஃபைல் தள்ளுவாரு. உன் முட்டி விவகாரமும் அதுதான். ஏசி ரூமுல ஒக்காந்திருக்கறவனுக்கு அது வலி. லைன்ல எட்டு மணி நேரம் நிக்கறவனுக்கு அது வேலை. இந்த வித்தியாசத்தை ஜட்ஜுக்குப் புரிய வெக்கறவருதான் வக்கீலு. 'நாப்பது பர்சென்ட் ஊனம்னு சர்ட்டிபிகேட்டு நானே வாங்கித் தர்றேன்'னு சொல்றவன், உன்ன மெடிக்கல் போர்டு முன்னாடி நிக்க வெச்சிட்டு ஓடிடுவான்.

கணக்கு போட்டுக் காட்டறேன், அந்தக் கரித்துண்டை எடு. உனக்கு வயசு இருவத்தேழு. சம்பளம் பதினெட்டாயிரம்னு வெச்சிக்க. வருசத்துக்கு 2,16,000. நாளைக்குச் சம்பளம் ஏறும் இல்ல, அதுக்காக நாப்பது வயசுக்குள்ள இருக்கற உன் மாதிரி ஆளுக்கு நாப்பது பர்சென்ட் கூட்டணும்னு 2017ல அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு இருக்குது. நிரந்தர வேலையா இருந்தா ஐம்பது. கூட்டு: 3,02,400. இருவத்தாறுலேர்ந்து முப்பது வயசுக்குள்ள இருந்தா பதினேழால பெருக்கணும், அது 2009 தீர்ப்பு. 51,40,800. சம்பாதிக்கற சக்தியில முப்பது பர்சென்ட் போச்சின்னு கோர்ட்டு ஒத்துக்கினா 15,42,240. வைத்தியச் செலவு, வலி வேதனை, லீவுல போன சம்பளம் எல்லாம் தனி. இப்ப சொல்லு, 'ரெண்டு லட்சம் கெடைச்சா உன் அதிர்ஷ்டம்'னு எவனாவது சொன்னா, அது யாரு அதிர்ஷ்டம்?

பதினெட்டாயிரத்தைக் காட்டறதுலதான் வில்லங்கம். கம்பெனி பேரைச் சொல்லிப் பொண்ணு பாத்த. சம்பளச் சீட்டுல பாத்தா காண்ட்ராக்டர் பேரு. ஓ.டி. துட்டு கையில குடுத்தானாம், சீட்டுல இல்லையாம். ஆதார்ல 'கே. முருகன்'னு இருந்தா அட்டெண்டன்ஸ்ல 'முருகன் கே.'ன்னு இருக்கும், இன்சூரன்ஸ்காரன் அது ரெண்டு ஆளும்பான். பேங்கு ஸ்டேட்மென்ட்டை இப்பவே எடுத்து வெச்சிக்க. தாளே இல்லாதவனுக்கும் கதி இல்லாம போகல. கர்நாடகாவுல காய்கறி வித்த ஒருத்தருக்குக் காலு போச்சி, வருமானத்துக்கு ஒரு தாளு இல்ல. ஆனாலும் 2014ல உச்ச நீதிமன்றம் மாசம் 6,500ன்னு தானே எடுத்துக்கிச்சி. ஆனா நீ காய்கறி வியாபாரி இல்ல, உன் சம்பளம் பேங்குல வருது. அதுக்கு மேல எதுக்கு ஜட்ஜை யோசிக்க வெக்கணும்?

வக்கீலுக்கு நீ வெக்கற பரீட்சை ஒண்ணு சொல்லித் தர்றேன். 'ஐயா, எனக்கு ஈ.எஸ்.ஐ. இருக்குது. வேலை முடிஞ்சி வர்ற வழியில அடிபட்டுது. ஈ.எஸ்.ஐ.யில வாங்குனா இந்தக் கேஸுக்கு இடிக்குமா?'ன்னு கேளு. வேலைக்குப் போற வழி, வர்ற வழி விபத்தும் நேரமும் எடமும் ஒத்துப்போனா வேலை விபத்துதான்னு 2010லயே ஈ.எஸ்.ஐ. சட்டத்துல சேத்துட்டாங்க. அதையும் இதையும் எப்படிப் பொருத்தறதுங்கறது கொஞ்சம் முடிச்சு வுழுந்த விசயம். தெரிஞ்சவரு, 'தாளைக் கொண்டா, பாத்துச் சொல்றேன்'பாரு. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கையெழுத்துப் போடு'ன்னு ஒரே மூச்சில சொன்னா, மறுபடியும் தண்ணி குடிக்கப் போ.

'வண்டிய மாத்திடலாம்'னு ஒரு பேச்சு வரும், ஜாக்கிரதையா கேளு. உன்ன இடிச்ச காருக்கு இன்சூரன்ஸ் இல்லன்னு தெரிஞ்சா, இன்சூரன்ஸ் இருக்கற வேற ஒரு வண்டி இடிச்சதா எழுதிடலாம்பான். இல்ல, லைசென்ஸ் இருக்கற வேற ஒருத்தன் ஓட்டினதா சொல்லிடலாம்பான். அவன் பேசற வேகத்துல உனக்கே அந்த வண்டி இடிச்ச மாதிரி ஞாபகம் வந்துடும். உத்தரப் பிரதேசத்துல இப்படிப் பொய் கேஸு மலிஞ்சி, 2021 நவம்பர்ல அகில இந்திய பார் கவுன்சில் இருவத்தெட்டு வக்கீலுங்களை ஒட்டுக்க சஸ்பெண்ட் பண்ணிச்சி. அவங்களாவது கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வீட்டுக்குப் போனாங்க. நீ பொய் சாட்சி சொன்னா எங்க போவ? இடிச்சவன் நிக்காம ஓடிட்டாலும் ஒரு வழி இருக்குது. இடிச்ச வண்டி தெரியாத கேஸுக்குன்னே 2022லேர்ந்து தனித் திட்டம், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம், உயிர் போனா ரெண்டு லட்சம். கம்மிதான். ஆனா அதுக்குக் கூண்டுல நின்னு கத கட்ட வேணாம்.

ஆஸ்பத்திரி செலவுக்குன்னு ஆரஞ்சுக்காரன் ஐயாயிரம் கைமாத்து தர்றேன்னானே, அதையும் தொடாத. 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல முதலமைச்சர் ஆரம்பிச்சி வெச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல, மொத நாப்பத்தெட்டு மணி நேர வைத்தியம் அதுல சேந்திருக்கற ஆஸ்பத்திரியில இலவசம். ஒன்றிய அரசும் 2025 மே மாசம் ஒரு திட்டம் கொண்டாந்துது, ஏழு நாளைக்குள்ள ஒன்றரை லட்சம் வரைக்கும். உனக்கு எது பொருந்துச்சி, பில்லுல எது கழிஞ்சிதுன்னு ஆஸ்பத்திரியிலயே கேட்டு வாங்கு.

இப்ப உண்மையான சேதிக்கு வர்றேன். கடைசி வரைக்கும் வெச்சிருந்தேன், மொதல்லயே சொன்னா நீ மிச்சத்தைக் கேட்டிருக்க மாட்ட. உனக்கு வக்கீலு ஃபீஸே குடுக்க வேணாம். 1987ஆம் வருசச் சட்ட உதவிச் சட்டத்துல யார் யாருக்கு இலவச வக்கீலுன்னு ஒரு வரிசை இருக்குது. பொம்பளைங்க, கொழந்தைங்க, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி... அந்த வரிசையிலயே தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கறான். அவனுக்கு வருமானக் கணக்கு கூட பாக்கறது இல்ல. அடடா, ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் மனசுல வெச்சே எழுதுன மாதிரி இல்ல! மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு காஞ்சிபுரத்துல இருக்குது, இலவச சட்ட உதவிக்கு போன் நம்பர் 15100. 'இலவச வக்கீலு ஒழுங்கா பாப்பாரா?'ன்னு நீ கேக்கப் போற, தெரியும். காசு குடுத்து வெச்ச வக்கீலுங்க எல்லாம் ஒழுங்கா பாத்திருந்தா என் நெலக் கேஸு எப்பவோ முடிஞ்சிருக்கும். அவுருகிட்டயும் அதே பரீட்சைய வெய்யி. பிடிக்கலன்னா வேற ஆளைக் கேளு.

உன் பக்கத்து ரூமு ஒடிசாக்காரப் பையனுக்கும் இதைச் சொல்லு, எனக்கு அவன் பாஷை வராது. அவன் ஊருக்குப் போயிட்டாலும் கேஸு போச்சின்னு அர்த்தமில்ல. விபத்து நடந்த எடத்துலயும் போடலாம், தான் குடியிருக்கற எடத்துலயும் போடலாம், எதிராளி இருக்கற எடத்துலயும் போடலாம். ஆரஞ்சுக்காரன் அவன்கிட்டயும் வந்தான். 'சார், காகஜ், சைன்'னு மூணே வார்த்தையில வேலைய முடிக்கப் பாத்தான். அந்தப் பையன் உன்ன விட உஷாரு, கை வலிக்குதுன்னுட்டான். அவனுக்கு அடிபட்டது கால்ல.

வெறுந்தாள்ல கையெழுத்து வேணாம்னு நான் வேற சொல்லணுமா? வக்காலத்துல போடு, அதுலயும் வக்கீலு பேரு, கேஸு தலைப்பு எழுதியிருக்குதான்னு பாத்துட்டுப் போடு. 'கேஸுக்காகப் புது பேங்கு கணக்கு தொறக்கலாம், பாஸ்புக்கும் செக்புக்கும் ஏ.டி.எம். கார்டும் எங்ககிட்டயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்'பான். ரொம்பப் பத்திரமா இருக்கும், உன் கைக்கே வராது. இழப்பீட்டை நேரா பாதிக்கப்பட்டவங்க பேங்கு கணக்குல போடுங்கன்னு 2025 மார்ச்சுல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சி. அதனாலதான் அவனுக்கு இப்ப உன் மேல இருக்கறதை விட உன் பாஸ்புக்கு மேல பாசம்.

லோக் அதாலத்துன்னு கூப்புடுவாங்க. போ, தப்பில்ல, சீக்கிரம் முடியும். ஆனா அங்க ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டா அப்பீலு கெடையாது. அதனால போறதுக்கு முந்தின நாளே வக்கீலை, நான் கரித்துண்டுல போட்ட மாதிரி கணக்கைத் தாள்ல போட்டுக் குடுக்கச் சொல்லு. இன்சூரன்ஸ்காரன் சொல்ற தொகைக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம்னு பாத்துட்டு, அப்புறம் தலையாட்டு. 'இன்னிக்கு வுட்டா இன்னும் அஞ்சி வருசம் ஆகும்'னு உன் பக்கத்துலயே நின்னு அவசரப்படுத்தறது எதிர்த்தரப்பு வக்கீலா, உன் வக்கீலான்னும் ஒரு தடவ பாத்துக்க.

அப்புறம், மனு போட்ட நாள்லேர்ந்து துட்டு கைக்கு வர்ற வரைக்கும் வட்டி உண்டு. நம்ம பக்கத்துத் தீர்ப்பாயங்கள்ல பெரும்பாலும் ஏழரை பர்சென்ட் போடுவாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏழரை, அது நல்ல விசயம். அதைச் சொன்ன உடனேதான் எனக்கும் ஒரு யோசனை வந்துது. உன் ரூம் வாடகை மூணு மாசமா நிக்குது இல்ல. காலு உடைஞ்சவன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு இருந்தேன், இப்பவும் கேக்கல. தொகை வர்றப்ப குடு. ஆனா தீர்ப்பாயம் உனக்கு இன்னா வட்டி போடுதோ, அதே வட்டி எனக்கும். சரின்னா, தோ, இந்தத் தாள்ல எழுதிக் குடு. வெறுந்தாள் இல்லடா, தொகைய மொதல்ல நீயே எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. பரவால்ல, யோசிக்கறியே.